அசையாத படம்

திரையில் இதயம் அசையாமல் நின்றது. படத்தை நிறுத்தி வைக்கும் பொத்தானில் விரல் பட்டிருக்கும் என்று நினைத்த டாக்டர், சலிப்போடு அதை ஒருமுறை தட்டினாள். முந்தின நாள் காலையிலிருந்து அவசரப் பிரிவிலேயே கிடக்கிறாள். அவளை மாற்றிவிட வேண்டிய டாக்டர் இன்னும் வந்தபாடில்லை. மதிய வெயில் ஜன்னல் கண்ணாடியில் காய்ந்துகொண்டிருக்க, பினாயில் நெடியும் யாரோ பாதி குடித்து வைத்த காப்பியின் புளித்த வாடையும் திரைச்சீலைக்குள் தேங்கிக் கிடக்க, ஸ்கேன் மெஷினின் விசிறி இளைப்புக்காரனைப்போல் இரைந்துகொண்டிருந்தது.

"பெருசா ஒண்ணுமில்ல டாக்டர்," என்றார் படுத்திருந்த லாரி டிரைவர். "சும்மா அசதி. இவதான் கையோட இழுத்துட்டு வந்துட்டா."

தலைமாட்டில் நின்ற மனைவி சிரிக்கவில்லை.

டாக்டர் இன்னும் கொஞ்சம் ஜெல் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே சாய்த்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் நான்கு அறைகள். பிசிறில்லாத படம். வால்வுகள் பாதி திறந்தபடி நின்றன. பக்கத்து மானிட்டரிலும் நேர்கோடு.

"ஒயர் கழண்டிருக்கும். வேற எடுத்துட்டு வரேன்," என்று நர்ஸ் வெளியே போனாள்.

தூக்கக் கலக்கம்தான் கண்ணைக் கட்டுகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, டாக்டர் கருவியைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். திரை படபடவென்று துடித்தது. மெஷினில் கோளாறில்லை.

மறுபடி அவர் நெஞ்சில் வைத்தாள்.

அசைவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. கழுத்திலும் இல்லை. தோல் ஜில்லென்றிருந்தது. அவர் பாட்டுக்கு, ரெண்டு நாளாய்ச் சாப்பாடு வாய்க்கு விளங்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி டாக்டரின் காதருகே குனிந்தாள்.

"சொல்லிடாதீங்கம்மா. அவருக்குத் தெரியாது."

"எப்பலேர்ந்து?" டாக்டர் கிசுகிசுத்தாள்.

"முந்தாநேத்து ராத்திரி பக்கத்துல மூச்சுச் சத்தமே இல்ல. தொட்டுப் பாத்தேன்... விடிஞ்சதும் எந்திரிச்சுப் பல்லு விளக்கப் போறாரு. நீங்க ஏதாச்சும் பண்ணி ஹார்ட்ட ஓட விட்டுருவீங்கன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

"ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?" என்றார் டிரைவர். "ஹார்ட்டு எப்படி இருக்கு டாக்டர்?"

மனைவியின் நகங்கள் டாக்டரின் கையில் பதிந்தன.

"நல்லா... நல்லாத்தான் இருக்கு."

அவர் தலையாட்டினார். திரும்பித் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

வலது கை மெல்ல எழுந்தது. நெஞ்சில் படிந்தது. ஜெல்லை அளைந்தது. பிறகு மணிக்கட்டு. கழுத்து. மறுபடி நெஞ்சு. இமைக்காத கண்கள் டாக்டரையே பார்த்திருக்க, விரல்கள் தேடின. வேகமாகத் தேடின. வாய் அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை.

விரல்கள் நிற்கவில்லை.