ஒன்பது பின் கேபிள்

மூட்டையிலிருந்த கேபிள்களில் ஒன்று மட்டும் சூடாக இருந்தது.

மூன்று நாளாக மைசூரில் விடாத தூறல். தேவராஜ மொஹல்லாவிலிருந்து ஆட்டோவில் வந்த மூட்டை நனைந்து, உள்ளே இருந்ததெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. லிங்கப்பனுக்கு இதுதான் பிழைப்பு: பேர் தெரியாத பழைய கனெக்டர்களை மொத்தமாக வாங்கி, எது எந்த மெஷினுடையது என்று கண்டுபிடித்து, சீட்டு ஒட்டி விற்பது. கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவான் என்று தொழிலில் பேர். அந்தப் பேர்தான் அன்று அவன் காலை வாரியது. ஒன்பது பின், இரண்டு வரிசை. பழைய கம்ப்யூட்டர் கேபிள் என்று யோசிக்காமல் ஒதுக்கிப் போட்டான். போட்ட பிறகும் உள்ளங்கையில் அந்தச் சூடு இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டது போல.

மறுபடி எடுத்தான். மறுமுனையில் கறுப்பு டேப் கனமாகச் சுற்றியிருந்தது. மீட்டரின் முனைகளை இரண்டாவது பின்னிலும் மூன்றாவது பின்னிலும் வைத்தான். கம்ப்யூட்டர் கேபிளாக இருந்தால் ஒன்றும் நடக்காது. டேப்புக்குள் சிவப்பாக ஏதோ எரிந்தது.

டேப்பை உரிக்க உரிக்க, சமையலறையில் மனைவி மகேஸ்வரி வதக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தின் வாசனையையும் மீறி ஆஸ்பத்திரி ஸ்பிரிட் நெடி எழுந்தது. உள்ளே ஒரு கிளிப். விரலில் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பது. குழந்தை அளவு.

போன ஆடியில் மகள் தமிழ்ப்ரியாவின் விரலில் இருந்ததும் இப்படி ஒன்றுதான். ஆறு வயது. நிமோனியா. "பேடப்பா, வேண்டாம்ப்பா, நோவுது" என்று அந்த விரலை நீட்டி நீட்டி அழுதாள். பார்க்கப் பொறுக்காமல் அவன்தான் கழற்றினான். மெஷின் கத்தியது. தொழில்காரன் அல்லவா, எந்தப் பொத்தானை அழுத்தினால் அடங்கும் என்று அவனுக்கா தெரியாது? ஐந்தே நிமிஷம் என்று நினைத்தான். மகள் தூங்கினாள். அவனும் கண்ணயர்ந்துவிட்டான். அவன் விழித்தபோது அவள் விழிக்கவில்லை.

மகேஸ்வரியிடம் இதை அவன் இன்றுவரை சொன்னதில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு நாளும் கோழையாகிப் போனான்.

கிளிப்பைத் தூக்கி எறிந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. விற்பதற்கு வைத்திருந்த பழைய மானிட்டரில் செருகினான். வெறும் கிளிப்புக்கு வெறும் கோடுதான் வர வேண்டும்.

96.

மானிட்டர் பீப், பீப் என்று நாடியை எண்ணத் தொடங்கியது. கிளிப் மேஜையில் தனியாகக் கிடந்தது. அதன் வாய் திறந்திருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று அழுத்திப் பார்த்தான். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. வாய் மூடவில்லை. நடுவில் எதுவோ தடுத்தது.

மெத்தென்று.

"ஏனுங்க, அதென்ன சத்தம்?"

மகேஸ்வரி வாசலில் நின்றாள். அது எந்தச் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்.

89.

"கழட்டிப் போடுங்க," என்றாள்.

"மாட்டேன் மகேசு. அன்னைக்கும் நாந்தான் கழட்டுனேன். பாப்பா அழுவறான்னு. மெஷின் சத்தத்தையும் நாந்தான் நிறுத்துனேன்."

அவள் அவன் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்தாள்.

81. மெஷின் கத்தத் தொடங்கியது. யாரைக் கூப்பிடுவது? எந்த நர்ஸை?

74.

மகேஸ்வரி அவனைத் தாண்டிப் போனாள். மேஜையருகே மண்டியிட்டாள். கிளிப்புக்கு இப்பால், ஒன்றுமே இல்லாத இடத்தில் கையை நீட்டி, விரல்களை மடக்கினாள்.

விரல்கள் மூடவில்லை. ஒரு சின்ன மணிக்கட்டின் பருமனுக்கு இடம் விட்டு நின்றன. அந்த இடத்தை அப்படியே பிடித்தபடி, மெல்ல, தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். கிளிப்பும் மேஜையை விட்டு எழுந்து, கேபிளை இழுத்துக்கொண்டு, அவள் கையோடு கூடவே போயிற்று.