படம் நான்கு

புழு என்ற சொல்லை அவள் இரண்டு தடவை நீக்கியிருந்தாள். நூலகத் தேடல் பக்கத்தின் முதல் வரியில் படுக்கைப் புண், இரண்டாம் வரியில் வீட்டுப் பராமரிப்பு, மூன்றாம் வரியில் 'தவிர' என்று தேர்ந்தெடுத்து, புழு. புண்ணில் புழுவை விட்டு அழுகலைத் தின்ன வைக்கும் வைத்தியம் பற்றி உலகம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு அதையெல்லாம் படிக்க வயிறு இடம் கொடுக்கவில்லை. கடைசி ஐந்து ஆண்டுகள், நிபுணர்கள் சரிபார்த்தவை என்று ஒவ்வொரு வடிகட்டியாகப் போட, இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டுரைகள் நாற்பத்தொன்றாகச் சுருங்கின. அந்த நாற்பத்தொன்றில் முதலாவதாக அது நின்றது.

'வீட்டில் படுத்த நோயாளியின் இடுப்பில் புழு வைத்த ஆழ்புண்: ஒரு நோயாளியின் விவரம்.'

மூன்றாவது தடவையும் நீக்கினாள். மற்ற நாற்பதும் போய்விட்டன. அது மட்டும் நின்றது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. இதழின் பெயரும் இல்லை.

"இந்தக் குப்பையெல்லாம் யாரு இதுல சேர்க்குறாங்க?" என்று வாய்விட்டே சொன்னாள்.

கீழ்த்தளத்துக் கணினி அறை அது. சன்னல் கிடையாது. ஏசியிலிருந்து ஒழுகும் நீர் ஒரு பழைய பெயின்ட் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே, எங்கிருந்தென்று தெரியாமல், லேசான ஒரு தித்திப்பு நாற்றம் வந்து மூக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டது. ஊறிப்போன இறைச்சியின் மேல் யாரோ முகப்பவுடரைக் கொட்டியது போல. ஏழு வருட வார்டு வேலையில் அவளுக்கு நன்றாகப் பழகிய நாற்றம். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கட்டில் என்று சொல்லிவிடுவாள். இங்கே கட்டில் இல்லை.

"சார், எலி ஏதாவது செத்துக் கிடக்கா?"

நூலகர் மேசையிலிருந்து நிமிர்ந்தார். ஆறு மணி அடித்தால் ஆள் உள்ளே இருந்தாலும் பூட்டிவிடுவார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு சார்.

"எலி எதுக்கு சிஸ்டர் இங்க வருது? படிக்கிற பசங்களே வர்றதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்காக, இதே தலைப்பில் வந்த கட்டுரைகளின் தொகுப்பை நாளைக் காலை கொடுக்க வேண்டும். வீட்டில் படுத்த நோயாளியை இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் புண் வராது என்பதுதான் அவள் ஆய்வு. பன்னிரண்டு நோயாளிகள். பன்னிரண்டாவது அவள் அம்மா. ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவி மகளை நர்ஸாக்கியவள், எட்டு மாதமாகப் பக்கவாதத்தில் கிடக்கிறாள். பேச்சு போய்விட்டது. கண் மட்டும் இருக்கிறது.

கட்டுரையைத் திறந்தாள். முழுக் கட்டுரை பூட்டியிருந்தது. சுருக்கம் மட்டும் தெரிந்தது.

'நோயாளி: ஐம்பத்தாறு வயதுப் பெண். பக்கவாதம். பேச்சில்லை. முன்னாள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர். பராமரிப்பவர்: மகள், செவிலியர்.'

ஊரில் எத்தனையோ பேர் இப்படி, என்று நினைத்துக்கொண்டாள். பெட்பேன் கழுவுகிறவர்களின் மகள்கள் வேறு என்ன ஆவார்கள்?

கீழே சின்னச் சின்னதாகப் படங்கள். முதலாவதைப் பெரிதாக்கினாள். இடுப்பெலும்பின் மேல் சிவந்த ஒரு திட்டு; அளவு காட்ட, பக்கத்தில் ஒட்டிய காகித அளவுகோல். தோலுக்குக் கீழே நீலப் போர்வை. போர்வையின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு.

அந்தத் தழும்பு அவள் வைத்தது.

இரண்டாம் படம். திட்டு கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ஈரமான அந்த விளிம்பை ஒட்டி, இரட்டை மிளகு போல இரண்டு மச்சம். சின்ன வயதில் அம்மாவைக் குளிப்பாட்டுவதாக விளையாடும்போது அவள் கிள்ளிப் பார்க்கும் மச்சம். மூன்றாம் படத்தில் மச்சம் இல்லை. அங்கே ஒரு குழி. மஞ்சள் சேறு. சேற்றுக்குள் வேகாத அரிசி போல வெள்ளை வெள்ளையாக. பக்கத்தைப் புதுப்பித்தாள். வெள்ளைகள் இடம் மாறியிருந்தன. இன்னொரு தடவை புதுப்பித்தாள். இன்னும் நிறைய.

அதைச் சின்னதாக்கிவிட்டுக் கீழே போனாள்.

நான்காம் படத்தின் இடத்தில் வெறும் கட்டம். 'நூலகரிடம் கேட்கவும்.'

சுருக்கத்தில் ஒரு வரி மிச்சமிருந்தது. 'பக்கம் மாற்றும் அட்டவணையில் எட்டு நாட்களுக்குரிய தொண்ணூற்றாறு கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. நோயாளி ஒரு தடவையும் திருப்பப்படவில்லை.'

வார்டில் நாற்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ். வேலைக்கு வந்ததும் முதல் காரியம், அந்த ஷிப்டுக்கான டிக்குகளை மொத்தமாகப் போட்டுவிடுவது. எல்லோரும் செய்வதுதான். திருப்புவது, நேரம் கிடைத்தால். எட்டு நாளுக்கு முன், ஆய்வு தொடங்கியதும், அதே தாளை அம்மாவின் கட்டிலுக்கு மேலேயும் ஒட்டியிருந்தாள். காலையில் கிளம்புமுன் அன்றைக்கான பன்னிரண்டு டிக்கும் போட்டுவிடுவாள். பகலில் தம்பி இருக்கிறானே, நேரத்தைப் பார்த்துத் திருப்பிவிடுவான். ராத்திரி அவள்? விளக்கைப் போடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, தொடைக்கு அடியில் வைத்த துணியை ஒரே இழுப்பில் இழுத்து, புதிதை ஒரே தள்ளில் தள்ளிவிட்டு ஓடிவிடுவாள். இழுத்தால் தோல் உரியும் என்று மாணவிகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். பெற்ற தாயின் பின்புறத்தைப் பார்க்க அருவருப்பு. அதைச் சோர்வு என்று பெயர் வைத்திருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"அம்மாவைத் திருப்பிப் படுக்க வச்சியா?"

"எப்போ?"

"எப்பவாவது. இந்த வாரம்."

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்குறேன். எழுந்து பார்த்தா நீ டிக் போட்ட தாள் இருக்கு. பக்கத்து வீட்டு அக்காவ வரச் சொல்லி நீ ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு நினைச்சேன். கஞ்சி மட்டும் ஊட்டுறேன். ஏன்க்கா?"

அவள் திரையில் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள்.

"அக்கா, கேட்கணும்னு இருந்தேன். வீட்ல ஏதோ நாத்தம். சாக்கடைன்னு பினாயில் ஊத்தினேன். போகல."

பின்னாலிருந்து பிரின்டர் இரைந்தது.

"சிஸ்டர், நீங்க கேட்ட கட்டுரை வந்துருச்சு" என்றார் பூட்டு சார்.

"நான் எதுவும் கேக்கல சார்."

"உங்க பேர்லதான் வந்திருக்கு." தாள்களை விரல் நுனியால் பிடித்து நீட்டினார். "மிஷின்ல ஏதோ கோளாறு. கடைசிப் பக்கம் ஈரமா இருக்கு. படமும் விழல."

கடைசிப் பக்கம் வெள்ளை. உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. கீழே ஒரே வரி.

'படம் 4: மகள் போர்வையை விலக்கியபின்.'

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு, துணியால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு யாரும் வந்து உட்காரவில்லை. பையிலிருந்த தாள்களின் ஈரம் அவள் தொடையில் ஊறியது.

தம்பி வாசலில் நின்றான். வெளிச்சம் மங்கியிருந்தது.

"நீ போனை வச்சதும் உள்ள போனேன். திருப்பலாம்னு." அவன் சட்டையில் வாந்தி. "அடியில கிடக்கிற போர்வைய எடுக்க முடியல. ஒட்டியிருக்கு. நீ எடு. நீதானே நர்ஸ்."

செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போனாள்.

பினாயில். அதற்கு அடியில் அது.

அம்மா மல்லாந்து கிடந்தாள். எட்டு நாளாக இருந்த அதே இடத்தில். கண்கள் கதவைப் பார்த்தன. மகளைப் பார்த்தன. சுவரைப் பார்த்தன.

அவளும் சுவரைப் பார்த்தாள்.

அட்டவணை காலி.

தொண்ணூற்றாறு கட்டமும் வெள்ளை. அழித்த தடம் இல்லை. பேனா அழுந்திய பள்ளம் மட்டும். மை இல்லை. எங்கோ இறங்கிப் போனது போல.

கையுறை போட்டாள். இடது. வலது. உறையின் ஒரு விரலில் இரண்டு விரல் நுழைந்தது. உருவி மறுபடி போட்டாள்.

"அம்மா. திருப்பப் போறேன்."

அம்மாவின் கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

விலக்காவிட்டால் நான்காம் படம் இல்லை. விலக்காவிட்டால் அம்மாவும் இல்லை.

தோளைப் பிடித்தாள். இடுப்பைப் பிடித்தாள். புரட்டினாள். அடியில் கிடந்த நீலப் போர்வை முதுகோடு ஒட்டி வந்தது. இஸ்திரித் தழும்புக்குப் பக்கத்தில் பிடித்து உரித்தாள். ஈரச் சுவரொட்டி கிழியும் சத்தம். சூடான காற்று ஒன்று அவள் முகத்தில் வந்து மோதியது.

காகித அளவுகோல் அங்கே ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

குழி.

குழிக்குள் அவை. வரிசையாக. கட்டம் போட்டது போல, வரிசைக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் நடுவில் மடங்கி, இடது பக்கம் குட்டை, வலது பக்கம் நீளம், நுனியில் சின்னக் கொக்கி. எல்லாம் ஒரே சாய்வு.

அவளுடைய டிக்.

எதுவும் அசையவில்லை. அவள் எண்ணத் தொடங்கும்வரை.