இரண்டு படங்கள், ஒரு சுவர்

மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் கெசியாவின் வலைத்தளத்தை மூடிவிடுவதாக, அதற்கு இணையத்தில் இடம் தரும் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஏரலில் தன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி மூன்று வருடங்களாக அவள் எழுதிய அத்தனை கட்டுரைகளும் அதோடு போய்விடும். அவை தங்களுடையவை, அவள்தான் திருடினாள் என்று, யார் நடத்துவதென்றே தெரியாத இன்னொரு தளம் புகார் கொடுத்திருந்தது.

பாளையங்கோட்டை வழக்கறிஞர் சாலோமி நோட்டீசை நிதானமாகப் படித்தார். கெசியாவுக்குத் தளத்தை அமைத்துக் கொடுத்த கொழுந்தன் ஜெனோவும் மடிக்கணினியோடு வந்திருந்தான்.

குமாஸ்தா எஸ்றாவுக்குத் துப்பறிவதில் ஆசை அதிகம். நர்சரி நடராஜுக்கும் கெசியாவுக்கும் உரம் விஷயமாகச் சண்டை என்று கேட்டதுமே தீர்ப்பெழுதிவிட்டார். "நடராஜ்தான், அம்மா. ஆளு முழியே சரியில்ல."

"முழியை வச்சு வழக்கு நடத்த முடியாது, அண்ணாச்சி," என்றார் சாலோமி.

பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கே உரிமை. ஆனால் முதலில் எழுதியது யார் என்று காட்ட வேண்டும் என அவர் விளக்கினார். சிக்கல் அங்கேதான். மல்லிகைத் தொட்டிகள் பற்றிய கட்டுரை கெசியாவின் தளத்தில் 2024 ஜனவரியில் வந்தது. எதிர்த்தளத்திலோ 2023 நவம்பர் என்று தேதி இருந்தது.

சாலோமி இரண்டு தளங்களின் படங்களையும் ஒப்பிட்டார். ஒரே படம்தான். கெசியாவுடையதில் தொட்டிகள் மட்டும். மற்றதில் பின்னால் சுற்றுச்சுவரும், அதில் இடுப்புயரத்தில் ஒரு சேற்றுக் கோடும் தெரிந்தன.

"இது என்ன கோடு, கெசியா?"

"வெள்ளம் வந்த கோடு, மேடம். பெயின்ட் அடிக்கதுக்கு முந்தி..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

எஸ்றா எழுந்தே விட்டார். "வெள்ளம் வந்தது அந்த டிசம்பர்ல, மார்கழி பொறந்த அன்னைக்குல்லா? நவம்பர்ல கோடு எப்படி விழும்?"

"விழாது. தேதி பொய்," என்றார் சாலோமி. "சரி, நடராஜ் இவங்க தளத்துல இருந்து எடுத்திருந்தா தொட்டி மட்டும்தான கெடச்சிருக்கும்? சுவரு தெரியுத முழுப்படம் யாருகிட்ட இருந்துச்சு?"

கெசியா தன் படங்களை ஒருவனுக்குத்தான் அனுப்புவாள், வெட்டிச் சீராக்கித் தளத்தில் ஏற்றுகிறவனுக்கு. அவள் ஜெனோவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மடிக்கணினியை மூடினான்.

தளத்தைச் சென்னை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப் போவதாக அவள் சொன்ன வாரமே அவன் போலித் தளத்தைத் தொடங்கியிருந்தான். அசல் போலத் தெரியட்டும் என்று முழுப்படத்தைப் போட்டான். வெள்ளத்தின்போது அவன் பெங்களூரில் இருந்தான். அந்தக் கோடு அவன் கண்ணில் படவில்லை.

"மூணு வருசம் நான் பாத்த வேலை, மைனி. ஒரு வார்த்தை கேக்காம..."

"எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாம்லா," என்றாள் கெசியா. "கள்ளின்னு எழுதிருக்கியே, ஜெனோ."

புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவன் அங்கேயே அடித்தான். அவள் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தளம் தொடரும் என்று ஐந்தே முக்காலுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது.

பிறகு கெசியா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, தளத்தின் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்கினாள். ஜெனோ பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்து நிறுத்தினாள்.

"நான் அங்கன திரும்பிக்கிடுதேன், மைனி," என்று சொல்லி ஜெனோ ஜன்னலைப் பார்த்து நின்றான்.

அவன் திரும்பித்தான் நிற்கிறானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் அடித்து முடித்தாள்.