கடைசியாக இறங்குகிறவர்

முகம் கழுவும் தொட்டி விசிலடித்தது.

சவர நுரையோடு குனிந்திருந்த கேப்டன் அப்படியே நின்றார். வீட்டுத் தொட்டிகள் களகளக்கும், கொப்பளிக்கும், வயிறு சரியில்லாத நாளில் ஏப்பம்கூட விடும்; அதெல்லாம் அவற்றின் சுபாவம். விசிலடிப்பது குடும்பத்துக்கு ஆகாது. அதுவும் இந்த விசில்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவருடைய பழைய நீராவிக் கப்பலில், இன்ஜின் அறைக்காரர் பித்தளைப் பேச்சுக்குழாயில் ஊதினால் மேல்தளத்தில் கேப்டனுக்குக் கேட்குமே, அதே விசில்.

"யாருங்க விசிலடிக்கிறது? இந்த வயசுல எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிடுறீங்களா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"குழாய்ல காத்து."

"கேப்டன்னு பேரு. ஒரு அடைப்பு எடுக்கத் தெரியலை."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. உள்ளபடி அவர் இப்போது அந்தக் கப்பலில் இருக்க வேண்டியவர். பாதி ஆயுள் கடலோடு குடித்தனம் நடத்திவிட்டு, தலை நரைத்த பிறகு கல்யாணம் செய்துகொண்ட மனிதர். புறப்பட வேண்டிய காலையில் அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "அது மூத்தாள், நான் இளையாளா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். கேள்வியைச் சமாளித்திருப்பார், அழுகையைச் சமாளிக்க முடியவில்லை. காய்ச்சல் என்று ஆளனுப்பிவிட்டார். கப்பல் துணைக் கேப்டனோடு போனது. போனதுதான். எந்தத் துறைமுகத்திலும் இன்னும் தலைகாட்டவில்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. தொட்டியின் துளையில் காதை வைத்தார். முதலில் பாசி வாசனை. அதன் பின்னால், எந்த வீட்டுச் சாக்கடையிலும் இருக்க நியாயமில்லாத, சூடான எண்ணெயும் ஈரக்கரியும் கலந்த வாசனை. அதற்கும் பின்னால், வெகு ஆழத்தில், பாரம் தாங்காத இரும்புத் தகடு நெளிந்து நெளிந்து முனகும் சத்தம்.

"கேப்டன்?"

பீரங்கியின் குரல். இன்ஜின் பொறுப்பாளருக்கு அவர் தொண்டைக்காக வைத்த பேர். இப்போது அது நனைந்த வெடி மாதிரி இருந்தது.

"காய்ச்சல் தேவலையா, கேப்டன்?"

அவர் துளையை உள்ளங்கையால் பொத்தினார்; குரல் விரலிடுக்கில் வந்தது.

"தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. துணைக் கேப்டன் இறங்கச் சொன்னாரு. நாங்கதான் கேக்கலை. நம்ம கேப்டன் வாயால சொல்லணும்ல?"

கேப்டன் சொல்லாமல் ஒருத்தனும் கப்பலை விடக்கூடாது, கேப்டன் கடைசியாக இறங்க வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நல்ல பிள்ளைகள். மறக்கவில்லை.

"கரை எங்கேயும் தெரியலை, கேப்டன். இந்தக் குழாய் ஒண்ணுதான் வழி."

"இங்கே வேணாம்யா. கையெடுத்துக் கும்பிடுறேன். வீட்டுல அவ இருக்கா."

"அம்மாவை ஒண்ணும் பண்ண மாட்டோம், கேப்டன். துவட்டிக்க ஒரு துண்டு போதும்."

அடுப்படியில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். துளைக்குள் யாரோ இருமினார்கள். யாரோ அம்மா என்றார்கள்.

"வாய்க்கு வந்துடுச்சு, கேப்..."

"இறங்குங்கடா!" என்று தொட்டிக்குள் கத்தினார். "எல்லாரும் இறங்குங்க!"

சத்தம் நின்றது.

துளையில் ஒரு விரல். நகத்தில் எண்ணெய். பிறகு கை. பற்பசை பிதுங்குவதுபோல் தோள். தலை. ஒருவன். இன்னொருவன். சலாம் வைத்தார்கள். மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். தரை சொட்டியது. கடைசியில் பீரங்கி.

"எல்லாரும் இறங்கியாச்சு, கேப்டன். பாக்கி நீங்கதான்."

"நான் இங்கேதானேய்யா இருக்கேன்?"

"கடைசியா இறங்கணும்னா அங்கே இருக்கணுமே, கேப்டன்."

வருத்தத்தோடுதான் சொன்னார். பிடரியில் விழுந்து துளைக்குள் அழுத்திய கை ஜில்லென்றிருந்தது.

இருட்டு. உப்பு. கழுத்தளவு தண்ணீர். வாய்க்கு நேரே பித்தளைக் குழாய். அதன் மறுமுனையில், எட்டாத உயரத்தில், காசளவு வெளிச்சம். வெளிச்சத்தில் அவள் முகம்.

ஊதினார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மூச்சு இருந்தமட்டும் ஊதினார்.

"ஏங்க, எங்கே போய்த் தொலைஞ்சீங்க? திரும்பவும் இந்த விசில்!"

ரப்பர் மூடியை எடுத்துக்கொண்டு அவள் குனிந்தாள். அவள் தோளில் கிடந்த துண்டை நோக்கி, பின்னாலிருந்து, எண்ணெய் படிந்த விரல்கள் மெல்ல நீண்டன.

மூடி இறங்கியது.