இருபது நிமிட டெமோ

"வீ...ல்!"

செலியமேட்டில் காலை பதினொன்று இருபதுக்கு அந்த அலறல் எழுந்தது.

இருபது நிமிடம் தாமதமான அலறல்!

கரும்பு விவசாயி மணவாளனின் வீட்டுக் கூடத்தில் ராஜ்மோகன் மல்லாந்து கிடந்தார். 'அமுதச்சுனை' தண்ணீர் மெஷின் கம்பெனியின் ஏரியா மேனேஜர். கழுத்தில் டை. வாயில் நுரை. பக்கத்தில் உருண்டு கிடந்தது ஒரு எவர்சில்வர் டம்ளர்.

உயிர் இல்லை.

அலறியவள் சுகன்யா. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சேல்ஸ் பெண். பனித்திட்டுக்காரி. வயது இருபத்திமூன்று.

பாகூர் இன்ஸ்பெக்டர் பாக்யராஜ் வந்தார். குனிந்தார். முகர்ந்தார்.

"பூச்சி மருந்து."

ஹெட் கான்ஸ்டபிள் செல்வகுமாரி, சுகன்யாவின் தோள்பையைத் தரையில் கவிழ்த்தாள். நோட்டீஸ் கட்டு. துண்டு. பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஒரு சின்ன டப்பா.

டப்பாவுக்குள் வெள்ளை மாத்திரைகள். அதிலும் அதே வாடை!

"இது யாருதும்மா?"

"சாரோடது... ஆனா நான்தான் தூக்கிக்கினு வருவேன்."

"போச்சு," என்றாள் செல்வகுமாரி, மிகுந்த அக்கறையோடு.

பாக்யராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தினி மணிக்கு விழுந்தாரு?"

"பதினொண்ணு சார்."

"நீ கத்துனது பதினொண்ணு இருபது. நடுவுல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"மெஷினப் பத்தி பேசிக்கினு இருந்தேன் சார்."

"ஆள் சாவுறான். நீ மெஷினப் பத்தி பேசுறியா?"

"அவரு... தெனமும் விழுவாரு சார்!"

பாக்யராஜ் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

"எல்லா வூட்லயும் இப்படித்தான் சார்," சுகன்யா மூக்கை உறிஞ்சினாள். "அவங்க போர் தண்ணிய வாங்கிக் குடிப்பாரு. யாரும் பாக்காதப்ப ஒரு சோடா மாத்திரைய வாயில போட்டுக்குவாரு. நுரை தள்ளும். பொத்துனு விழுவாரு. 'பாத்தீங்களா, உங்க தண்ணியோட லட்சணம்'னு நான் பேசணும். கடைசியில மெஷின் தண்ணிய மூஞ்சில தெளிச்சா எழுந்துக்குவாரு. பயந்துபோய் வாங்கிடுவாங்கன்னு சார் சொல்லுவாரு."

"இன்னிக்கு?"

"கை கால இழுத்துக்கினாரு. தொண்டையப் புடிச்சிக்கினு என்னையே பாத்தாரு. நடிப்பு இன்னிக்கு சூப்பரா இருக்குதுன்னு நெனச்சேன் சார்... தண்ணி தெளிச்சேன்... எழுந்துக்கல..."

"இதெல்லாம் தப்புன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். சம்பளம்னு ஒண்ணு கெடையாது. வித்தாத்தான் கமிஷன். மூணு மாசமா ஒண்ணுகூட விக்கல. இன்னிக்கு விக்கலன்னா வராதன்னுட்டாரு."

"காரணமும் கெடச்சிருச்சு சார்," என்றாள் செல்வகுமாரி. "ஜீப்ல ஏத்திடலாமா?"

"சார்! எங்கம்மாவுக்கு என்ன வுட்டா ஆளில்ல சார்! சத்தியமா நான் பண்ணல!"

பாவம். மூன்று மாதமாக வீடு வீடாகப் பொய் சொன்னவள், முதன்முதலாக உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பாக்யராஜும் நம்பவில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அவரு விழுந்தா மத்த வூட்ல இன்னா பண்ணுவாங்க?"

"கத்துவாங்க. தெருவே கூடிடும். 108-க்கு போன் போடப் போவாங்க. நான்தான் கையப் புடிச்சி நிறுத்துவேன்."

"இந்த வூட்ல?"

சுகன்யா மெதுவாக மணவாளன் பக்கம் திரும்பினாள்.

அவர் மூலையில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. தோளில் துண்டு. முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இவரு கத்தல சார்... எழுந்துக்கவேயில்ல. செவுத்துக் கடியாரத்தப் பாத்துக்கினு இருந்தாரு!"

"இங்க எப்படி வந்தீங்க?"

"இவரே போன் பண்ணி வரச் சொன்னாரு. எங்கள யாருமே கூப்புட மாட்டாங்க சார். தொரத்தத்தான் செய்வாங்க."

"பைய எங்கயாச்சும் வுட்டுட்டுப் போனீங்களா?"

"வந்ததும் பம்புசெட்டுல மூஞ்சி கழுவப் போனோம். பை... இந்த நாற்காலிலதான் இருந்துச்சு."

பாக்யராஜ் சுவரைப் பார்த்தார். ஓர் ஆணி. அதன் கீழே ஒரு சதுரம் மட்டும் அழுக்குப் படாமல் வெள்ளையாக இருந்தது.

"அந்த ஆணில யார் படம் இருந்துச்சு, பெரியவரே?"

மணவாளன் எழுந்தார். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு படத்தை எடுத்தார். துண்டால் துடைத்தார். பழையபடி மாட்டினார்.

மாலை போட்ட ஒரு பெண். கழுத்தில் அமுதச்சுனை அடையாள அட்டை!

"வெண்ணிலா அக்கா!" அட்டையில் இருந்த பெயரைப் படித்தாள் சுகன்யா. "எனக்கு முன்னாடி இந்தப் பையத் தூக்குனவங்க!"

"எம் பொண்ணு சார்," என்றார் மணவாளன். "போன சித்திரையில வில்லியனூர் பக்கம் வெயில்ல அலைஞ்சி மயங்கி விழுந்துச்சி. நெசமாவே விழுந்துச்சி. இந்த ஆளு தூக்கல. 'பாருங்க உங்க ஊர் தண்ணிய'ன்னு அங்கயே யாவாரம் பேசுனான். இருபது நிமிஷம். ரெண்டு மெஷின் வித்துட்டுத்தான் ஆட்டோ புடிச்சான். ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

"யார் சொன்னா?"

"அந்த மெஷின வாங்குன பொம்பளையே எழவுக்கு வந்து சொல்லி அழுதுச்சி. இவன் வரல."

"வந்திருந்தா இந்த வூடு தெரிஞ்சிருக்கும்."

"ஆமா சார். பொழைச்சிருப்பான்."

செல்வகுமாரி தன் போலீஸ் சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திரை விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வெண்ணிலா சொல்லும் சார். 'இது பாவம்ப்பா, வர வேண்டிய கமிஷன் வந்ததும் வுட்டுடறேன்'னும். வரவேயில்ல." குரல் அப்போதுதான் உடைந்தது. "அதே மாத்திரைய வாங்கி பூச்சி மருந்துத் தூள்ல பெரட்டி, டப்பாவ மாத்தி வெச்சேன். அவன் விழுந்தா யாரும் தூக்க மாட்டாங்கன்னு தெரியும்."

"இந்தப் பொண்ணு உள்ள போயிருந்தா?"

"ஜீப்ல ஏத்தியிருந்தா நானே சொல்லியிருப்பேன் சார்."

சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். யார் கண்டது?

"கொல கொலதான் பெரியவரே. வாங்க."

"வரேன் சார். பம்புசெட்ட மட்டும் நிறுத்திட்டு வரேன்."

அப்போது...

பிணத்தின் சட்டைப்பையில் செல்போன் அலறியது!

பாக்யராஜ் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ராஜ்மோகன்! ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஜெயசீலன். காலையிலேர்ந்து எத்தினி மெஷின்பா?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். ராஜ்மோகன் செத்துட்டாரு."

மறுமுனை இரண்டு விநாடி துக்கம் அனுசரித்தது.

"அடடா... சுகன்யா பக்கத்துல இருக்குதா சார்? இனிமே அதுதான் ஏரியா மேனேஜர்னு சொல்லிடுங்க. சம்பளம் கெடையாது. கமிஷன்தான். ஆனா டை குடுப்போம்."

சுகன்யா அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, கவிழ்ந்து கிடந்த பையின் மேல் வைத்தாள். இந்த முறை அவள் அழவில்லை.

"அதுக்கு வேணாமாம்," என்றார் பாக்யராஜ். "ஆனா எனக்கு ஒரு மெஷின் வேணும்."

"ஆகட்டும் சார்! டெமோவுக்கு யார அனுப்பட்டும்?"

"நீங்களே வரணும். பாகூர் ஸ்டேஷன். நீங்களே விழுந்து காட்டணும்..."

பாக்யராஜ் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாத்திரை எங்க செலவு!"