பனியேரியில் ஓர் ஆக்கிரமிப்பு

காலை ஆறேகால் மணிக்குச் செவ்வல்பட்டியில் எல்லோரும் கூரைக்கு ஓடுவார்கள். ரேடார் துணைக்கோள் தலைக்கு மேல் வருவதற்குள், காயப்போட்ட கவச உடைகளையும் தகர டப்பாக்களையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். எது தனியாகப் பளிச்சென்று தெரிந்தாலும், படத்தை அலசும் ‘இலக்கறிவான்’ என்ற மென்பொருள் அதை ஆக்கிரமிப்பு என்று குறித்துவிடும். மறுநாள் படமும் அதையே சொன்னால் இடிக்கும் ரோபோ வாசலில் வந்து நிற்கும். செவ்வாய்க்குக் குடிவந்து நாற்பது வருடமாகியும் ஜனங்களுக்கு இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

மாசானமுத்துவிடம் உள்ளே எடுத்துவைக்க முடியாத ஒன்று இருந்தது. ஊருக்கே குடிதண்ணீர் தரும் பனியேரியின் நடுவில், மகள் கல்யாணத்துக்காக அவசரமாக விரித்துப் போட்ட மடக்கு வீடு. ஏரியில் கட்டக் கூடாதென்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு வீட்டால் ஏரி என்ன குறைந்துவிடப் போகிறது என்பது அவருடைய கட்சி. நோட்டீஸ் வந்ததும் ரேடார் நிலையத்துக்கு ஓடினார். அங்கே படம் பார்ப்பவள் ஜெசிந்தா, பழைய பக்கத்து வீட்டுப் பெண். கல்யாணம் நின்றுவிடும் என்று அவளிடம் அழாத குறையாகக் கெஞ்சினார். ரேடாருக்கு வழவழப்பான பனி கறுப்புதான்; திரையில் கறுப்பாக ஏரியும், நடுவே அவர் வீடு ஒரு வெள்ளைப் புள்ளியாகவும் தெரிந்தன.

“இலக்கறிவானுக்குச் சட்டம்லாம் தெரியாது அண்ணாச்சி. அக்கம்பக்கத்தோட ஒட்டாம எது தனியாத் தெரியுதோ, அதப் புடிச்சிரும்.”

“அப்ப அக்கம்பக்கமும் இப்படியே இருந்தா?”

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தாள். “பெறவு எதப் புடிக்க?”

மாசானமுத்துவுக்கு அது போதும். சம்பந்தி வீட்டார், பங்காளிகள், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் என்று எல்லோருக்கும் ஏரியில் இடம் காட்டினார். மடக்கு வீட்டை விரிக்க ஒரு மணி நேரம் ஆகும். சாயங்காலத்துக்குள் நானூறு வீடுகள் எழுந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று முனையில் ஒரு பிள்ளையார் கோயிலும் எழுந்தது.

மறுநாள் படத்தில் ஏரி முழுக்க வெள்ளை. மாசானமுத்துவின் வீட்டை இலக்கறிவான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவருக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று காலை சமையல்காரர் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மாசானமுத்து பதறிப்போய் ஜெசிந்தாவை அழைத்தார்.

“வீடுகளுக்கு நடுவுல கறுப்பா ஒரே ஒரு புள்ளி தனியாத் தெரிஞ்சுது அண்ணாச்சி. தண்ணி எடுக்குத எடம், ஏரில மிச்சம் இருந்த பனி. ஆக்கிரமிப்புன்னு சொல்லி நேத்தே ரோபோ மண்ணப் போட்டு மூடிருச்சு.”

மாசானமுத்துவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கவச உடைக்கு மேல் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையேறி, வானத்தைப் பார்த்துக் கத்தினார்:

“இருந்த ஒரு ஏரியக் காப்பாத்தத் துப்பில்ல, ஒனக்கெல்லாம் எதுக்குல ரேடாரு?”

சுற்றிலும் நானூறு கூரைகளிலிருந்தும் ஜனங்கள் அதை ஆமோதித்தார்கள்.