எண்ணெய்த் தாங்கிக்குள் பதிந்த பாட்டு

துடைக்கத் துடைக்க இசைத்தட்டில் ஆவி படிந்தது. கண்ணாடியில் யாரோ வாயை வைத்து ஊதினாற்போல, வட்டமாக. ஓர்ஸ் ஹில்லில் கசற் நாடாவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்த பேணாட், சட்டை நுனியால் மறுபடியும் துடைத்தான்.

"பதினொரு வரியமா உம்மா இதாலதான் பால்சட்டி மூடினவ, மச்சான்," என்றான் றஊப். "பால் திரையவே இல்ல. பூனைதான் குசினிப் பக்கம் வாறத விட்டுட்டுது."

"பூனைக்காவது இசை விளங்கியிருக்கு."

எழுபத்தொன்றில் அது வெளிவந்தபோது வேறு யாருக்கும் விளங்கவில்லை. பேணாட் றம்ஸ் அடித்தான், றஊப் கிற்றார் வாசித்தான், ஹெக்டர் பாடினான். வாங்கிய சொந்தக்காரர்கள், ஊசி பழுதென்று நினைத்து ஊசியை மாற்றினார்கள். இப்போது இலண்டனில் அதற்குக் காவியம் என்று பெயர். மறுபடி வெளியிடக் கேட்கிறார்கள். அவர்களிடம் இருப்பது தேய்ந்த கசற் பதிவு மட்டும்; எஞ்சிய ஒரே தட்டு இந்தப் பால்சட்டி மூடி. அவர்களுக்காக வந்து, காலையில் பாய்க்கப்பலில் புறப்படும் வெள்ளைக்காரனிடம் இதைக் கசற்றில் பதிந்து கொடுத்துவிட்டால் மூவரின் பெயரும் உலகமெங்கும் போகும். செத்துப்போன ஹெக்டரின் பெயரும்.

"கடைசியில வாற அமைதிதான் திறமாம்," என்றான் பேணாட். "ஆரோ காத்துக்கொண்டு நிக்கிறமாதிரி இருக்காம்."

றஊப் சிரிக்கவில்லை. "படகு போயிரும். நான் வாறன்." கிண்ணியாவுக்குப் புறப்பட்டுவிட்டான்.

பேணாட் ஊசியை வைத்தான்.

எதிரொலிக்காக, உலக யுத்தகாலத்து வெறும் எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள், மண்டபமளவு இரும்புத் தொட்டிக்குள், களவாகப் புகுந்து பதிந்த பாட்டுகள். ஒரே ஒரு சட்டம் இருந்தது: பாட்டு முடிந்தபின் எதிரொலி அடங்கும்வரை ஒருவரும் மூச்சுவிடக்கூடாது. அடங்கியதும் பேணாட் குச்சியால் இரும்புச் சுவரில் தட்டுவான். மூவரும் கரையில் போட்ட மீன்கள்போல வாய் பிளப்பார்கள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் அவன் தட்டவில்லை. காவற்காரனின் ரோச் வெளிச்சத்தைக் கண்டு மூவரும் விழுந்தடித்து ஓடியிருந்தார்கள். மறுவருடம், அறுந்த நங்கூரமொன்றை எடுக்க ஹெக்டர் துறைமுகத்தில் முழுகினான். மேலே வரவில்லை. உடலும் வரவில்லை.

இப்போது கடையில், கடைசிப் பாட்டின் கடைசி வரியில் மின்சாரம் போயிற்று. தட்டு இழுபட்டது; ஹெக்டரின் குரல் தடித்து, எருமைக்குரலாகி, நின்றது.

எதிரொலி நிற்கவில்லை.

பேணாட் நெருப்புக்குச்சி கிழித்தான். தட்டு அசையாமல் கிடந்தது. ஒலி மட்டும் சுவர்களைச் சுற்றிவந்தது, இந்தச் சின்னக் கடைக்கு அவ்வளவு பெரிய சுவர்கள் இருப்பதுபோல. உப்புநீர் மணம். அதற்கு அடியில் பழைய உலை எண்ணெயின் மணம். எதிரொலி மெலிந்தது. நூலாயிற்று. அறுந்தது.

அமைதி.

தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. இன்னொருவரும். பக்கத்தில்.

"ஹெக்டர்," என்றான் மெல்ல. "விடு மச்சான். மூச்ச விடு."

சட்டம் சட்டம்தானே. மேசை லாச்சியில் கிடந்த றம்ஸ் குச்சியை எடுத்து அலுமாரியில் ஒருமுறை தட்டினான்.

காதோரம் யாரோ மூச்சை வெளியே விட்டார்கள். நீளமாக. ஈரமாக. நெருப்பு அணைந்தது.

இன்னொன்று கிழித்தான். சுடர் நிமிரவில்லை. இசைத்தட்டின் பக்கம் சாய்ந்தது. படுத்தேவிட்டது.

மூச்சை விட்டவன் இப்போது உள்ளே இழுக்கிறான்.

பேணாட் வாயைத் திறந்தான். காற்று உள்ளே வரவில்லை. குச்சியை ஓங்கி அலுமாரியில் அடித்தான். மறுபடி அடித்தான். மறுபடியும்.

சத்தம் வரவில்லை. சுடர் சாய்ந்தபடியே எரிந்தது.